யாரும் எடுத்துக்கொள்ளலாம்

சனிக்கிழமை மத்தியானம் தினேஸ்வரி மடிக்கணினியைத் திறந்தது வேறு வேலைக்காக. அதற்குள் 'கரை' நிரலின் இணையப் பக்கத்தில் புதிதாக ஒரு குறிப்பு வந்திருப்பது கண்ணில் பட்டது. எழுதியவர் சுமத்ராவில் ஜம்பிப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர். மாணவர்களை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தின் உயரமான தண்ணீர்த் தொட்டியில் சோதனை செய்து பார்த்தாராம். உங்கள் நிரல் நன்றாக வேலை செய்கிறது, ஒரே ஒரு சந்தேகம் என்று ரொம்பப் பணிவாக ஆரம்பித்திருந்தார். தண்ணீர் மூன்றே கால் மீட்டரைத் தாண்டியதும் அளவு பூஜ்யம் என்று வருகிறது. என் தவறாகவும் இருக்கலாம், மன்னிக்கவும்.

அவர் தவறாகத்தான் இருக்கும் என்று தினேஸ்வரி நினைத்தாள். 'கரை' ஏழெட்டு வருடமாக ஓடுகிற நிரல். அவளும் கல்லூரித் தோழி நஜ்லாவும் சேர்ந்து எழுதியது. பாலத்திலோ ஆற்றோரக் கம்பத்திலோ மாட்டும் சின்னக் கருவிகளுக்கானது. கருவி ஒலியைக் கீழே அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். அதை வைத்து ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது, எப்போது சைரன் அடிக்க வேண்டும், எப்போது நிறுத்தி 'நிலைமை சரி' என்று செய்தி அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது 'கரை'. இருவருக்கும் பிழைப்பு வேறு. தினேஸ்வரி ஈப்போவில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தாள். நஜ்லா அவளுடைய அத்தாவின், அதாவது அப்பாவின், சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டாள். 'கரை' அவர்கள் ஓய்வு நேரத்தில் வளர்த்த பிள்ளை.

ஈப்போ புந்தோங்கில் அவள் வீட்டுத் தகரக் கூரையில் மழை காலையிலிருந்தே விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியருக்கு மரியாதையாகப் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவள் நிரலுக்குப் பொய்யான அளவுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். இரண்டு மீட்டர். சரி. இரண்டரை மீட்டர். அபாயம், சைரன் அடிக்கலாம் என்றது. மூன்று மீட்டர். அபாயம். மூன்றரை மீட்டர்.

பூஜ்யம். நிலைமை சரி.

அவள் மறுபடி கொடுத்தாள். மறுபடியும் நிலைமை சரி என்றே வந்தது.

பழைய மோட்டார் சைக்கிளில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் இருக்குமே, எல்லாம் ஒன்பதுக்கு வந்து, அடுத்த சுற்றில் பூஜ்யத்துக்குப் போய் நிற்கும். அதே கதைதான். ஆற்றின் உயரத்தைச் சேமிக்க அவர்கள் ஒதுக்கியிருந்த இடம் சிறியது. எண் அதில் அடங்காமல் போனதும் எதிர்மறையாக மாறியது. எதிர்மறை வந்தால் ஆறு வறண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளும்படி நிரலில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவள் தினேஸ்வரிதான்.

சைரன் அடிக்காமல் போகிற கோளாறாக இருந்தால்கூட ஜனங்கள் தங்கள் கண்ணால் ஆற்றைப் பார்த்து ஓடிவிடுவார்கள். இது அப்படியில்லை. முதலில் சரியாகவே சைரன் அடிக்கும். ஜனங்கள் மேட்டுக்கு ஏறுவார்கள். ஆறு இன்னும் ஏறி உச்சத்துக்குப் போகும் நேரத்தில் சைரன் நிற்கும். 'நிலைமை சரி' என்று எல்லார் கைப்பேசிக்கும் செய்தி வரும். ஜனங்கள் நம்பி வீட்டுக்குத் திரும்புவார்கள்.

அவள் நஜ்லாவை அழைத்தாள். கடையில் தட்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவே நஜ்லா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் குறைந்தது. பின்கட்டுக்கு வந்துவிட்டாள் போல.

"இன்னொரு தடவ சொல்லு. மெதுவா சொல்லு."

தினேஸ்வரி சொன்னாள்.

"யா அல்லாஹ்," என்றாள் நஜ்லா. "எத்தன எடத்துல ஓடுது நம்மளுது?"

"தெரியாது."

"ஏறக்குறைய?"

"தெரியாது நஜ்லா. யாரும் நம்மகிட்ட சொல்ல வேண்டியதில்ல. லைசென்ஸ் அப்படி."

அந்த உரிமத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தது நஜ்லாவின் அத்தா கடையில், ஓரத்து மேசையில், தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள். நிரலை இணையத்தில் ஏற்றும்போது ஓர் உரிமம் தேர்ந்தெடுங்கள் என்று அந்தத் தளம் கேட்டது. ஜி.பி.எல். என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டால், நிரலைத் தன் பொருளில் வைத்து விற்கிறவன், வாங்குகிறவர்களுக்கு மூல நிரலையும் திறந்து தர வேண்டும். எம்.ஐ.டி. என்று இன்னொன்று. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மூடி வைத்து விற்கலாம், எங்கள் பெயரையும் இந்த உரிமத்தையும் எங்காவது ஒரு மூலையில் குறிப்பிட்டால் போதும் என்பது. அடியில் பெரிய எழுத்தில் ஒரு பத்தி: எந்த உத்தரவாதமும் கிடையாது, எந்தச் சேதத்துக்கும் எழுதியவர்கள் பொறுப்பல்ல. அந்தப் பத்தி இருவருக்கும் தெம்பாக இருந்தது. நிறைய பேர் பயன்படுத்தட்டும் என்ற ஆசையும் இருந்தது. எம்.ஐ.டி.யைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள்.

"மொதல்ல திருத்து," என்றாள் நஜ்லா. "நான் எச்சரிக்கை எழுதறேன்."

திருத்துவது சுலபமாக இருந்தது. எண்ணுக்குப் பெரிய இடம், எதிர்மறை வந்தால் 'அளவு தெரியவில்லை, மேட்டிலேயே இருங்கள்' என்று ஒரு செய்தி. அவ்வளவுதான். புதிய பதிப்பை ஏற்றிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. புதிய பதிப்பு இணையத்தில் இருக்கிறது. பழைய பதிப்பு ஆறுகளின் மேல் தொங்குகிற பெட்டிகளுக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டிகளுக்கு யார் போய்ச் சொல்வது?

கைப்பேசி முனகியது. குடும்ப வாட்ஸ்அப் குழு. அக்கா நவமணி தினமும் வெற்றிலைப் படத்தோடு காலை வணக்கம், கோயில் திருவிழாப் படம், வந்த செய்தி எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுவாள் என்பதால் மாதக்கணக்காக தினேஸ்வரி அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. நவமணியும் அவள் புருஷன் உடையப்பனும் தெற்கே சுங்காய் என்ற ஊருக்கு உள்ளே ஒரு பழைய தோட்டத்தில் இருந்தார்கள். கித்தா என்கிற ரப்பர் மரங்களை எல்லாம் அழித்துச் செம்பனை போட்டு வெகு காலமாகிவிட்டது, ஆனாலும் ஆற்றோரம் இருந்த லயத்து வீடுகளில் சில குடும்பங்கள் அப்படியே தங்கிவிட்டிருந்தன. உடையப்பன் எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டினார்.

நவமணி அனுப்பியிருந்தது மலாயில் வந்த ஒரு எச்சரிக்கை. 'ஆற்று நீர்மட்டம் உயர்ந்துள்ளது. உடனே மேடான இடத்துக்குச் செல்லவும்.' கீழே அவள் சொந்தமாக ஒரு வரி: சைரன் அடிக்குது, கோயிலுக்கு ஏறிட்டோம், யாரும் பயப்பட வேண்டாம்.

தினேஸ்வரி அந்த எச்சரிக்கையின் வாசகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ படித்தது போல இருந்தது. விரல் தானாக மேலே தள்ளிக்கொண்டு போனது. நேற்றுக் காலை அக்கா போட்ட செய்தி, முந்தாநாள் காலை, அதற்கு முன்னால். ஒவ்வொரு நாளும் ஒரே வரி. 'பாராஸ் ஆயர் நோர்மெல்.' மலாயில் நீர்மட்டம் சாதாரணம், அதாவது நிலைமை சரி என்று சொல்ல வந்த வரி. 'நோர்மல்' என்று இருக்க வேண்டும். 'நோர்மெல்' என்று தப்பாக இருந்தது.

அந்தத் தப்பை அடித்தவள் நஜ்லா. முதல் பதிப்பிலேயே. ரொம்பக் காலம் கழித்துக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். திருத்தலாம் என்றபோது, அந்தச் சொல் வருகிறதா என்று பார்த்து வேறு நிரல் எழுதியிருப்பவர்களுக்கு அது வேலை செய்யாமல் போகும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். உலகத்தில் வேறு எவரும் அந்தச் சொல்லை அப்படி எழுதி ஆற்றைப் பற்றிச் செய்தி அனுப்ப வழியில்லை.

அவள் அக்காவை அழைத்தாள். பின்னணியில் சைரன் ஊளையிட்டது.

"அக்கா, எங்க இருக்க?"

"கோயில் மேட்டுலதான். சைரன் அடிச்ச ஒடனே எல்லாரும் வந்துட்டோம். போன வருசம் மாதிரி இல்ல லா. பெட்டி நல்லா வேல செய்யுது."

"யாரு வச்ச பெட்டி?"

"கேஎல்லுலேர்ந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து பாலத்துல மாட்டிட்டுப் போனான். ஏன்?"

"மாமா எங்க?"

"இங்கதான் நிக்கறாரு. ஆடு கத்துது, ஆடு கத்துதுன்னு பொலம்பிக்கிட்டு."

"அக்கா, நான் சொல்றத கேளு. சைரன் நின்னுட்டா கீழ எறங்காதீங்க. யாரையும் எறங்க விடாத. அந்த மாதிரி பெட்டியில ஒரு கோளாறு இருக்காம். நான் விசாரிச்சுட்டு கூப்படறேன்."

"சரி சரி," என்றாள் நவமணி. பால் வாங்கி வா என்றால் சொல்கிற அதே சரி சரி.

பெட்டிக்குள் இருப்பது நான் எழுதியது என்று சொல்ல தினேஸ்வரிக்கு நாக்கு எழவில்லை. இன்னும் நிச்சயமில்லையே, கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தக் கோலாலம்பூர் நிறுவனத்தின் பெயரை எச்சரிக்கையின் அடியிலிருந்து எடுத்து, எண்ணைத் தேடி அழைத்தாள். சனிக்கிழமை என்றாலும் ஓர் இளைஞன் எடுத்தான். ஆங்கிலத்தில் மரியாதையாகவே பேசினான். கருவிக்குள் இருக்கும் நிரல் நிறுவனத்தின் சொத்து, அதில் என்ன இருக்கிறது என்று வெளியாட்களிடம் சொல்ல அனுமதியில்லை என்றான். அது என் நிரல், அதில் ஆபத்தான பிழை இருக்கிறது, இந்த நிமிடம் ஜனங்கள் அதை நம்பிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அவன் கொஞ்சம் தயங்கினான். புகாரைப் பதிவு செய்துகொள்கிறேன், திங்கட்கிழமை பொறியாளர் பார்ப்பார் என்றான்.

"தண்ணி திங்கக்கிழம வரைக்கும் காத்திருக்காது," என்று அவள் தமிழில் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை.

இணைப்பைத் துண்டித்தபோது குடும்பக் குழுவில் புதிய செய்தி வந்து கிடந்தது. அக்கா அனுப்பியது.

பாராஸ் ஆயர் நோர்மெல்.

கீழே கும்பிடும் கைகள்.

அவளுக்கு ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை, தலைக்கு மேல் மழைச் சத்தம்கூட. ஆறு இப்போது மூன்றே கால் மீட்டருக்கு மேலே இருக்கிறது. இந்த உலகத்தில் அதை அறிந்தவள் அவள் மட்டும்தான். அக்காவின் எண் வேறு அழைப்பில் இருக்கிறது என்று வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி அடித்தாள். அக்கா எடுத்தாள்.

"எறங்காதீங்கன்னு சொன்னேன்ல அக்கா!"

"சைரன் நின்னுருச்சு தினேசு. எல்லாரு போனுக்கும் மெசேஜ் வந்திருக்கு. மெஷின் பொய் சொல்லுமா?"

"அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது நான் எழுதினது. நானும் நஜ்லாவும். அது பொய் சொல்லுது. தண்ணி எறங்கல. ரொம்ப ஏறினாதான் அது அப்படிச் சொல்லும்."

அந்தப் பக்கம் மழைக்கு நடுவே ஒரு குழந்தை இருமியது.

"நீ எழுதினதா?" என்றாள் நவமணி.

"ஆமாக்கா."

"மாமா போயிட்டாரு." அக்காவின் குரல் மெலிந்து சின்னப் பிள்ளைக் குரலாக வந்தது. "அவரும் பக்கத்து வீட்டு சன்னாசி அண்ணனும். ஆட்ட அவுத்து விட்டுட்டு வாரேன்னுட்டு."

பிறகு அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். குரல் தூரத்தில் கேட்டது. எறங்காதீங்க, கலா, அந்தப் பிள்ளையத் தூக்கிட்டு மேல வா, அது பொய் மெசேஜ், என் தங்கச்சி சொல்றா, எறங்காதீங்க. ஒரு ஆண் குரல் எதிர்த்து ஏதோ கேட்டது. அதோடு தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை தரம் அடித்தும் அந்த எண் கிடைக்கவில்லை.

தினேஸ்வரி அழைத்துச் சொன்னதும் நஜ்லா கடை வேனை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே மசாலா வாடை. அவசர எண்ணுக்கு அழைத்துத் தோட்டத்தின் பெயரையும் கோயில் மேட்டையும் லயத்து வீடுகளையும் தினேஸ்வரி சொல்லி முடித்திருந்தாள். அந்தப் பக்கம் பல இடங்களில் தண்ணீர், படகு வந்துகொண்டிருக்கிறது என்று பதில் கிடைத்தது. நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை இன்னும் கனத்தது. துடைப்பான்கள் எவ்வளவு வேகமாக ஆடினாலும் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு திரை. கோப்பெங்கைத் தாண்டியது தெரியவில்லை. முன்னால் போன லோரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு நஜ்லா ஓட்டினாள். தினேஸ்வரி கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தாள். அது அடிக்க வேண்டும் என்று வேண்டினாள், அடித்தால் என்ன செய்தி வருமோ என்றும் நடுங்கினாள்.

தாப்பா கிட்டே வந்ததும் தினேஸ்வரி வாய் திறந்தாள்.

"அன்னைக்கே வேற லைசென்ஸ் போட்டிருக்கணும்."

"போட்டிருந்தா?"

"உள்ள என்ன இருக்குன்னு அவங்க தெறந்து காட்டியாகணும். நாம பாத்திருக்கலாம்."

"யாராச்சும் கேட்டாதான காட்டுவாங்க தினேஸ். கேக்கறதுக்கு அந்தப் பெட்டி அங்க இருக்குன்னு நமக்கு மொதல்ல தெரியணும்." நஜ்லா கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "தப்பு லைசென்ஸ்ல இல்ல. எண்ணுல இருந்துச்சு. நம்ம ரெண்டு பேரும் அந்த வரியப் பாத்து சரின்னு சொன்னோம்."

"நான் எழுதினேன்."

"நான் பாத்தேன்."

கொஞ்ச தூரம் போனதும் நஜ்லா, "சட்டப்படி நம்ம மேல எதுவும் வராது," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"நான் சட்டத்தப் பத்தியா நெனச்சுக்கிட்டு வாரேன்?"

தினேஸ்வரியின் மனக்கண்ணில் உடையப்பன் இடுப்பளவு தண்ணீரில் ஆட்டுக் கொட்டகையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் தினேஸ்வரியைப் பள்ளிக்கூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போன மனிதர். அவள் கல்லூரியில் கணினி படிக்கச் சேர்ந்தபோது, உனக்குப் புரியற மாதிரியே எனக்கும் ஒரு நாள் சொல்லித் தா என்று கேட்டவர். அவள் சொல்லித் தந்ததில்லை.

சுங்காயிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் சாலையில் பாதி தூரத்துக்கு மேல் வேன் போகவில்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே சாலை பழுப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. ஆற்றோரத்து ஜனங்களையெல்லாம் படகில் கொண்டுவந்து மேட்டிலுள்ள தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் சேர்க்கிறார்கள் என்று வழியில் நின்ற ஒருவர் சொன்னார். இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரத்து மண்மேட்டில் நடந்தார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

மண்டபத்து வாசலிலேயே நவமணி நின்றிருந்தாள். சேலை முழங்கால் வரை சேறு. தங்கையைப் பார்த்ததும் கட்டிக்கொள்ளவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

"மேட்டுல இருந்தவங்க எல்லாரும் வந்துட்டோம். நான் கத்தினதுல யாரும் எறங்கல. கொஞ்ச நேரத்துலயே லயத்துல சன்னல் முட்டும் தண்ணி." அவள் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். "அவங்க ரெண்டு பேரும் இன்னும் வரல. படகு போயிருக்கு."

மண்டபத்துக்குள் ஈரத் துணியும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. பாய்களில் குழந்தைகள். பெரியவர்கள் யாரும் உட்காரவில்லை. எல்லாருடைய கண்ணும் கதவையே பார்த்தன. தினேஸ்வரி அக்காவின் பக்கத்தில் நின்றாள். யாராவது வந்து நீதானே எழுதினாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தாள். யாரும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் பாலத்துப் பக்கமிருந்து சைரன் மறுபடி ஊளையிட ஆரம்பித்தது.

மண்டபமே கலங்கிவிட்டது. ஒரு கிழவர் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு சுவரைப் பிடித்தார். மேலே ஏறுங்கள், மாடி வகுப்புக்குப் போங்கள் என்று யாரோ கூவ, தாய்மார்கள் பாயோடு குழந்தைகளை வாரினார்கள். படிக்கட்டு வாசலில் நெரிசல். நவமணி அசையவில்லை. "இன்னும் ஏறுதா," என்றாள், யாரையும் பார்க்காமல். "இன்னும் ஏறுதா? அவரு அங்க நிக்கறாரே."

தினேஸ்வரி நஜ்லாவைப் பார்த்தாள். நஜ்லாவின் உதடு அசைந்தது. இருவரும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எண் அந்தச் சின்ன இடத்துக்குள் திரும்பி அடங்கியிருக்கிறது. அதனால்தான் அதற்கு மறுபடி அபாயம் தெரிகிறது.

"எறங்குது," என்றாள் நஜ்லா மெல்ல.

"நிச்சயமா?"

"நிச்சயம்னு எப்படிச் சொல்றது. இன்னொரு பிழை இல்லேன்னா."

இன்னொரு பிழை இல்லையென்றால். ஏழெட்டு வருடமாகச் சரி என்று நினைத்திருந்த நிரல் அது. அதன் தப்பையே நம்பி இத்தனை பேரிடம் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால், கீழே நிற்கச் சொல்லிக் கொன்றவளாவாள். சொல்லாவிட்டால் படிக்கட்டில் ஒரு குழந்தை நசுங்கும்.

அவள் ஒரு பெஞ்சின் மேல் ஏறினாள்.

"தண்ணி எறங்குது," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டை கிழிய மறுபடி சொன்னாள். "தண்ணி எறங்குது. அந்தப் பெட்டி தண்ணி ரொம்ப ஏறினப்ப நின்னுபோச்சு. இப்ப கொறையறதாலதான் மறுபடி அடிக்குது. மாடிக்குப் போங்க, போறது நல்லது. ஆனா ஓடாதீங்க. பிள்ளைங்கள மொதல்ல விடுங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"அத எழுதினது நான்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு திரும்பி, படிக்கட்டு வாசலில் கையை விரித்து நின்று, குழந்தைகளை ஒவ்வொன்றாக மேலே அனுப்ப ஆரம்பித்தார். நெரிசல் தளர்ந்தது. சைரன் அடித்துக்கொண்டே இருந்தது. வாசலின் கீழ்ப்படி வரை வந்துவிட்ட சேற்றுத் தண்ணீர் தொட்டிருந்த கோட்டை தினேஸ்வரி குனிந்து பார்த்தாள். அது ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கோட்டுக்குக் கீழே ஈரமான சிமெண்டு விரலளவு தெரிந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டத் தொடங்கியபோது படகு வந்தது. உடையப்பன் தானாக இறங்கினார், உடம்பெல்லாம் சேறு, ஒரு கண் வீங்கியிருந்தது. சன்னாசியைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்தார்கள். ஆடுகளை அவிழ்த்துவிட்ட நேரத்தில் பின்பக்கமிருந்து தண்ணீர் வந்ததாம். இடிந்து கிடந்த பழைய கித்தாப் புகைக்கூடத்தின் சுவரில் இருவரும் ஏறியிருக்கிறார்கள். சன்னாசி வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டார். உடையப்பன் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிடாமல், படகு வரும்வரை அப்படியே தொங்கியிருக்கிறார். விரல்களை நீட்ட முடியாமல் இப்போதும் மடக்கியே வைத்திருந்தார். சன்னாசியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். நெஞ்சில் தண்ணீர் கோத்து, பிழைப்பாரா மாட்டாரா என்று சில நாள் ஆட்டிவைத்து, பிறகு பிழைத்துக்கொண்டார்.

அன்று மண்டபத்தில், புருஷனுக்குத் தலை துவட்டிவிட்டுக்கொண்டே நவமணி தங்கையைக் கேட்டாள்.

"அந்தப் பெட்டி இன்னும் எங்கெங்க இருக்கு?"

"தெரியாதுக்கா."

நவமணி துவட்டுவதை நிறுத்தவில்லை. "தெரிஞ்சுக்க வழி இல்லியா?"

"இல்ல."

அக்கா துண்டைப் பிழிந்து உதறினாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று தினேஸ்வரிக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை நிறுவனத்தின் பொறியாளர் அழைத்தார். சுற்றி வளைக்காமல் ஒரே கேள்விதான் கேட்டார். திருத்திய பதிப்பும் அதே எம்.ஐ.டி. உரிமத்தில்தான் இருக்கிறதா? மாற்றிவிடப் போகிறீர்களா? மாற்றினால் எங்கள் வழக்கறிஞர்கள் அதைக் கருவிகளில் போட விடமாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அதுவே பதிலாக இருந்தது. தினேஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

நஜ்லாவின் அத்தா கடையில், கூட்டம் குறைந்த வேளையில், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"மாத்திடலாம்," என்றாள் தினேஸ்வரி. "திருத்தினதையும் சேத்து. வேணும்னா தெறந்து காட்டட்டும். ஜனங்க தலைக்கு மேல தொங்கற பெட்டியில என்ன இருக்குன்னு ஜனங்க கேட்டா சொல்லணும்."

"சரிதான்," என்றாள் நஜ்லா. "ஆனா அவங்க தெறந்து காட்டிட்டா வாங்கிக்கப் போறாங்க? பழசயே வச்சுக்குவாங்க. பழச நாம திரும்பி வாங்க முடியாது. ஒரு தடவ குடுத்தது குடுத்ததுதான். அப்ப பாலத்துல இருக்கறது அதே பொய் சொல்ற பெட்டிதான்."

தினேஸ்வரி கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றினாள். கோபப்பட அவளுக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு முகங்கள் இருந்தன. போர்வையில் சன்னாசி. பாயோடு வாரப்பட்ட குழந்தைகள்.

"திருத்தினது பழைய லைசென்ஸ்லயே இருக்கட்டும்," என்றாள் கடைசியில். "யாரும் எடுத்துக்கட்டும். மூடி வச்சு வித்தாலும் வித்துக்கட்டும். இனி புதுசா எழுதறது எல்லாம் ஜி.பி.எல்."

"அதுலயும் அவங்க நம்மகிட்ட சொல்லணும்னு கட்டாயம் கெடையாது."

"தெரியும். கட்டாயம் பண்ண முடியாதுன்னா கேட்டுப் பாப்போம்."

அன்றே அதை எழுதினார்கள். 'கரை'யின் முதல் பக்கத்தில், உரிமத்துக்கு வெளியே, மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும்: இதை ஓர் ஆற்றின் மேல் மாட்டியிருந்தால் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லுங்கள். இது நிபந்தனை இல்லை, வேண்டுகோள். பிழை கண்டால் உங்களைக் கூப்பிட எங்களுக்கு ஒரு எண் வேண்டும். ஜம்பி ஆசிரியருக்கு நன்றி சொல்லித் தனியாக எழுதினார்கள். அவர் பதிலுக்கு மாணவர்களின் பெயர்களை அனுப்பினார்.

நிறுவனம் கருவிகளைப் புதுப்பித்தது. அதன் இணையதளத்தில், யாரும் போகாத ஒரு மூலையில், எம்.ஐ.டி. உரிமத்தின் வாசகம் முளைத்தது. மேலே இரண்டு பெயர்கள், தினேஸ்வரி, நஜ்லா. கீழே, எந்தச் சேதத்துக்கும் எழுதியவர்கள் பொறுப்பல்ல என்ற பத்தி. தன் பெயரும் அந்த வரியும் ஒரே திரையில் இருப்பதை தினேஸ்வரி நெடுநேரம் பார்க்க முடியாமல் மூடிவிட்டாள்.

வேண்டுகோளுக்குப் பதில்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. கிளந்தானில் ஒரு மீன் வளர்ப்பவர். மட்டக்களப்புப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம். பெயரே வாயில் நுழையாத ஓர் ஆற்றின் கரையில் ஒரு நகராட்சி. எழுதியவர்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, நன்றாக ஓடுகிறது என்றார்கள். எழுதாதவர்களை நினைத்துத்தான் அவளுக்குத் தூக்கம் கெட்டது. புந்தோங்கில் மழை பிடித்தால் அவள் வானிலைப் படத்தைத் திறந்து, தன் ஊரை விட்டுவிட்டு மற்ற ஊர்களைப் பார்த்தாள்.

நேற்றும் மழை. வேலை முடிந்து வீடு வந்து ஈரத் தலையோடு உட்கார்ந்தபோது ஒரு புதிய செய்தி வந்திருந்தது. மேல் பேராக்கில் ஓர் ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமத்தில் வேலை பார்க்கிற செவிலி. யாரோ முன்பு மாட்டிவிட்டுப் போன பெட்டி இங்கே இருக்கிறது, அது உங்களுடையதா என்று தெரியவில்லை, மேலே எந்தப் பெயரும் இல்லை, இங்கே இப்போது ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

தினேஸ்வரி நஜ்லாவுக்கு ஒரு அழைப்பு போட்டுக் கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். மடிக்கணினியில் செவிலிக்குத் தட்டினாள். சைரன் நின்றாலும் யாரையும் இறங்க விடாதீர்கள். அந்தப் பெட்டி தினமும் அனுப்பும் செய்தியை, ஓர் எழுத்தும் மாற்றாமல், அப்படியே எனக்கு அனுப்புங்கள்.

திரையில் செவிலி பதில் தட்டுவதற்கான புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின.